இறக்கத்தில் எந்தக் கியர்? – கார் ஓட்டும் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கிளட்ச் தேய்மானம் குறித்துச் சென்ற இதழில் எழுதிய பதிலில், 'வேகத்தைக் குறைக்கும்போது கிளட்ச்சை அவசரப்பட்டு மிதிக்க வேண்டாம்' என்று ஒரு வரி இடம்பெற்றிருந்தது. அந்த வரிக்கு விளக்கம் கேட்டும் மறுப்புத் தெரிவித்தும் பல கடிதங்கள் வந்துள்ளன. எனவே இம்முறை கியரைக் குறைப்பது, இன்ஜினைக் கொண்டே வேகத்தைக் கட்டுப்படுத்துவது ஆகியவை பற்றிய கேள்விகளுக்கு மட்டும் பதில் தருகிறோம்.

வாசகி, மடிப்பாக்கம்

ஓட்டுநர் உரிமம் வாங்கிச் சில மாதங்களே ஆகின்றன. வேகத்தைக் குறைக்கும் ஒவ்வொரு முறையும் கிளட்ச்சையும் பிரேக்கையும் சேர்த்தே மிதிக்கும்படி பயிற்சிப் பள்ளியில் பழக்கினார்கள். என் அண்ணனோ, நான்கு, மூன்று, இரண்டு என்று கியரைக் குறைத்துக்கொண்டே வந்துதான் வண்டியை நிறுத்த வேண்டும், பிரேக் கடைசியில்தான் என்கிறார். யார் சொல்வது சரி?

இருவர் சொல்வதும் பாதி சரி. வண்டி நடுத்தெருவில் அணைந்து நின்றுவிடக் கூடாது என்பதற்காகவே பயிற்சிப் பள்ளியில் கிளட்ச்சை உடனே மிதிக்கச் சொல்கிறார்கள். மடிப்பாக்கத்தின் உட்தெருக்களில் இரண்டாவது கியரில் ஊர்ந்து பழகும்வரை அதனால் பெரிய கெடுதல் இல்லை. அதே பழக்கத்தோடு பல்லாவரம்–துரைப்பாக்கம் ரேடியல் சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. கிளட்ச்சை மிதித்த நொடியிலேயே இன்ஜினுக்கும் சக்கரங்களுக்கும் இருந்த தொடர்பு அறுந்துவிடுகிறது. அதன்பின் வண்டியின் வேகம் முழுவதையும் அடக்கும் வேலை பிரேக்கின் தலையில் விழுகிறது.

கிளட்ச்சை மிதிக்காமல் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துப் பாருங்கள். யாரோ பின்னாலிருந்து மெல்ல இழுத்துப் பிடிப்பதுபோல் வண்டி தானாகவே தளரும். அதுதான் இன்ஜின் பிரேக்கிங். பெட்ரோல் இன்ஜினில் ஆக்ஸிலரேட்டரை விட்டதும் காற்று நுழையும் வழியிலுள்ள த்ராட்டில் வால்வு ஏறக்குறைய மூடிக்கொள்கிறது. சக்கரங்கள் கியர் வழியாக இன்ஜினைச் சுழற்றிக்கொண்டே இருப்பதால், பிஸ்டன்கள் மூடிய கதவுக்கு எதிராகக் காற்றை உறிஞ்ச வேண்டியிருக்கிறது. அந்த உறிஞ்சலுக்கும், உள்ளே உராயும் நூற்றுக்கணக்கான பாகங்களுக்கும் செலவாகும் சக்தி வண்டியின் வேகத்திலிருந்தே கழிகிறது. காற்றை அமுக்குவதால்தான் வண்டி தளர்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அமுக்கப்பட்ட காற்று அடுத்த நொடியே பிஸ்டனைத் திருப்பித் தள்ளி, வாங்கியதில் பெரும்பகுதியைக் கொடுத்துவிடுவதால் அதன் பங்கு குறைவு.

சிக்னலில் நிற்பதை எடுத்துக்கொள்வோம். நான்காவது கியரில் 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள், தொலைவில் மஞ்சள் விளக்கு தெரிகிறது. முதலில் ஆக்ஸிலரேட்டரை விடுங்கள், பிறகு கிளட்ச்சைத் தொடாமல் பிரேக்கை மட்டும் அளவாக அழுத்துங்கள். வேகம் 25-ஐ நெருங்கும்போது இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுழல்கிறது என்று காட்டும் ஆர்பிஎம் முள் 1,000-க்கு அருகில் இறங்கி வந்து, வண்டி லேசாக அதிரத் தொடங்கும். கிளட்ச்சை மிதிக்க வேண்டிய நேரம் அதுதான். அதற்குள் பச்சை விழுந்துவிட்டால் நேராக இரண்டாவது கியருக்குப் போய்க் கிளம்புங்கள். விழாவிட்டால் வண்டி நிற்கும்வரை பிரேக்கைத் தொடருங்கள். திடீரென்று குறுக்கே ஒருவர் வந்துவிட்டால் இந்த வரிசையெல்லாம் வேண்டாம். பிரேக்கை முழு பலத்தோடு மிதிப்பதே முக்கியம், இன்ஜின் அணைந்தால் அணைந்துபோகட்டும்.

உங்கள் அண்ணன் சொல்வதில் சரியான பாதி, கியரில் வைத்தபடியே வேகத்தைக் குறைக்கச் சொல்வது. ஒவ்வொரு கியராக இறங்கி வர வேண்டும் என்பது தேவையற்ற உழைப்பு. ஒவ்வொரு கியருக்கும் கிளட்ச் ஒருமுறை உராய்கிறது. பிரேக் பேட் மலிவான பொருள், அரை மணி நேரத்தில் மாற்றிவிடலாம், கிளட்ச்சை மாற்றவோ கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். மேலும் இன்ஜின் பிரேக்கிங் உங்கள் காரில் முன்சக்கரங்கள் இரண்டை மட்டுமே பிடிக்கிறது, பிரேக் நான்கையும் பிடிக்கிறது. நகரத்தில் வேகத்தைக் குறைப்பது பிரேக்கின் வேலை, அந்த வேகத்துக்கு ஏற்பப் பின்தொடர்ந்து வருவது கியரின் வேலை. மலையில் மட்டும் இந்த உறவு தலைகீழாக மாறிவிடும். அதைத்தான் அடுத்த கடிதம் கேட்கிறது.

வாசகர், ஆவடி

குடும்பத்தோடு ஏலகிரிக்கும், கோடையில் ஊட்டிக்கும் சொந்தக் காரில் போக விரும்புகிறோம். சிறிய பெட்ரோல் கார், ஐந்து பேர், பெட்டிகள். மலையில் இதுவரை ஓட்டியதில்லை. ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து என்று பயமுறுத்துகிறார்கள். எந்தக் கியரில் இறங்குவது?

பயமுறுத்துபவர்கள் சொல்வது உண்மைதான். சென்னையில் ஓட்டிப் பழகியவர்களுக்கு மேம்பாலத்தைத் தவிர வேறு சரிவு கண்ணில் படுவதில்லை. கத்திப்பாராவின் இறக்கத்தை எந்தக் கியரிலும் கடந்துவிடலாம், அது முடிவதற்குள் தப்பு தெரியவே தெரியாது. மலைப்பாதையின் இறக்கம் அரை மணி, ஒரு மணி நேரம் முடிவில்லாமல் தொடரும்.

ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறிய சிறிய கார் சுமார் 1,200 கிலோ எடை இருக்கும். அது 500 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 59 லட்சம் ஜூல். நம் வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றைக் கொதிக்கக் கொதிக்கச் சூடேற்ற எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அவ்வளவு. எதிர்க்காற்றும் டயர் உராய்வும் அதில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். மிச்சத்தை யாரிடம் ஒப்படைப்பது என்பதுதான் கேள்வி. பிரேக்கிடம் ஒப்படைத்தால், சில கிலோ எடையுள்ள இரும்புத் தட்டுகளும் டிரம்களும் அந்த வெப்பம் முழுவதையும் தாங்க வேண்டும். அவற்றைக் குளிர்விக்க வீசும் காற்றைத் தவிர வேறு வழி கிடையாது. இன்ஜினுக்கோ ரேடியேட்டரும் தண்ணீரும் விசிறியும் இருக்கின்றன, எத்தனை மணி நேரம் இழுத்துப் பிடித்தாலும் அது சளைப்பதில்லை.

எந்தக் கியர் என்பதற்கு மலை ஓட்டுநர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு: ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். ஏலகிரியின் சரிவுகளில் சுமையோடு ஏறும்போது பெரும்பாலும் இரண்டாவது கியர் தேவைப்படும், இறங்கும்போதும் அதுவே. கொண்டை ஊசி வளைவுகள் அங்கே 14 என்றால், கொல்லிமலையில் 70. அங்கெல்லாம் முதல் கியர்கூடச் சில இடங்களில் வேண்டியிருக்கும். சோதித்துப் பார்ப்பதும் எளிது. இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டர், பிரேக் இரண்டிலிருந்தும் காலை எடுங்கள். வேகம் ஏறிக்கொண்டே போனால் இன்னும் கீழ்க் கியர் வேண்டும். வண்டி நின்றுவிடுவதுபோல் தளர்ந்து ஆக்ஸிலரேட்டரைக் கேட்டால் மேல் கியருக்குப் போகலாம். முள் 3,000-க்கும் 4,000-க்கும் இடையில் நிற்கும், இன்ஜின் சத்தமாக முனகும். வீட்டுப் பெரியவர்கள் 'வண்டி கத்துகிறதே, கியரை மாற்று' என்பார்கள். காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

கியரை இறக்கம் தொடங்கும் முன்பே குறைத்துவிட வேண்டும் என்பது இதில் மிக முக்கியமானது. சரிவில் வேகம் பிடித்த பிறகு கிளட்ச்சை மிதித்துக் கீழ்க் கியரைத் தேடினால், கியர் விழும்வரை வண்டியைப் பிடிக்க எதுவும் இல்லாமல் போகிறது. வளைவின் நடுவிலும் கிளட்ச்சை மிதிக்கக் கூடாது. கியர் பிடித்த பிறகும் எஞ்சும் வேகத்துக்குப் பிரேக் வேண்டும்தான்; ஆனால் காலைப் பெடலின் மேல் வைத்தபடியே இறங்காமல், ஒருமுறை நன்றாக அழுத்திப் பத்து கிலோமீட்டர் வேகத்தைக் குறைத்து, முழுவதுமாக விட்டுவிடுங்கள். அந்த இடைவெளியில்தான் டிஸ்க் ஆறுகிறது.

இப்படிச் செய்யாதவர்களுக்கு நடப்பது இரண்டு. முதலாவது, பேட் அளவுக்கு மீறிச் சூடேறி அதன் பிடிப்பே குறைந்துபோவது. பெடல் கெட்டியாக இருக்கும், வண்டி நிற்காது. இரண்டாவது இன்னும் மோசம்: பிரேக் ஆயில் கொதிப்பது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 3 வகைக்கு இது 205, 140. பிரேக் ஆயிலின் இயல்பே ஈரத்தை உறிஞ்சுவது, நம் ஊர்க் கடற்காற்றில் ஈரத்துக்கும் பஞ்சமில்லை. கொதித்து ஆவிக்குமிழ் உண்டானால், நீங்கள் மிதிக்கும் மிதி குமிழை அமுக்குவதிலேயே தீர்ந்து, பெடல் பொதபொதவென்று உள்ளே போய்விடும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றச் சொல்வது இதற்காகத்தான். பயணத்துக்கு முன் டயரையும் ஏசியையும் பார்த்துவிட்டு இதை விட்டுவிடுகிறவர்களே அதிகம்.

கருகல் வாடை வந்தால் அகலமான இடம் பார்த்து நிறுத்துங்கள். வண்டியைக் கியரில் வைத்துச் சக்கரத்துக்கு அண்டைக் கல் கொடுங்கள், சூடான டிரம்மின் மேல் ஹேண்ட் பிரேக்கை இறுக்க வேண்டாம். தண்ணீர் ஊற்றவே கூடாது. பழுத்த டிஸ்க் கோணிவிடும், விரிசல் விடவும் கூடும். அரை மணி நேரம் காத்திருந்தாலே போதும். ஓடும்போதே பெடல் உள்ளே போய்விட்டால், திரும்பத் திரும்ப வேகமாக மிதித்து அழுத்தம் கூடுகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு கியராகக் குறையுங்கள், ஹேண்ட் பிரேக்கைப் படிப்படியாக இழுங்கள். அப்போதும் அடங்காவிட்டால், மலைச்சுவர் இருக்கும் பக்கமாக வண்டியை உரசி நிறுத்துவது பள்ளத்தைவிட எவ்வளவோ மேல்.

ஊட்டியிலிருந்து மசினகுடிக்குப் போகும் கல்லட்டிப் பாதையில் இறங்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன், வேண்டாம். 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்தச் செங்குத்தான பாதையில் பிரேக் சூடாகி நேர்ந்த விபத்துகள் ஏராளம், வெளியூர் வண்டிகள் அதில் இறங்குவதற்குக் காவல்துறையின் கட்டுப்பாடும் உண்டு. இன்னொன்று: குறுகிய மலைப்பாதையில் ஏறி வரும் வண்டிக்கே முன்னுரிமை. இறங்குபவர் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பது மரியாதைக்காகச் செய்வதன்று, 2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுநர் ஒழுங்குமுறைகளிலேயே இருப்பது.

வாசகர், ராயபுரம்

வாடகைக் கார் ஓட்டியே பிள்ளைகளைப் படிக்க வைத்தவன் நான். மேம்பாலம் இறங்கும்போதும், தொலைவில் சிவப்பு விளக்கு தெரியும்போதும் நியூட்ரலில் விட்டு எவ்வளவோ பெட்ரோல் மிச்சம் பிடித்திருக்கிறேன். இப்போது என் மகன் அது தவறு என்கிறான். நான் செய்தது வீணா?

வீணில்லை, ஐயா. நீங்கள் ஓட்டத் தொடங்கிய காலத்து அம்பாசிடரிலும் பத்மினியிலும் கார்புரேட்டர் இருந்தது. இன்ஜின் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறதோ அந்த அளவுக்கு, ஆக்ஸிலரேட்டரை விட்டிருந்தாலும், அது கொஞ்சம் பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நியூட்ரலில் விட்டால் சுழற்சி குறைந்து, செலவும் குறைந்தது. அந்த வண்டிக்கு அந்தக் கணக்கு சரிதான்.

இன்றைய கார்களில் பெட்ரோலை அளந்து தெளிப்பது கணினி. வண்டி கியரில் இருக்க, ஆக்ஸிலரேட்டரிலிருந்து கால் எடுக்கப்பட்டு, இன்ஜினும் ஓரளவு வேகமாகச் சுழன்றுகொண்டிருந்தால், சக்கரங்களே இன்ஜினைச் சுழற்றுகின்றன என்பதை உணர்ந்து கணினி எரிபொருளை அடியோடு நிறுத்திவிடுகிறது. குறைவாகத் தெளிப்பதுகூட இல்லை, ஒரு சொட்டும் கிடையாது. சுழற்சி ஐடில் வேகத்தை, அதாவது ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் நிற்கும் வண்டியில் இன்ஜின் சுழலும் வேகத்தை, நெருங்கும்போதுதான் மறுபடி தெளிக்கத் தொடங்கும். நியூட்ரலில் விட்டாலோ, இன்ஜின் அணையாமல் இருப்பதற்காகவே எரிபொருள் எரிந்தாக வேண்டும். சிறிய காரிலும் அது மணிக்கு அரை லிட்டருக்கு மேல் ஆகும். உங்கள் மகனின் காரில் அந்தந்த நொடியின் மைலேஜைக் காட்டும் திரை இருந்தால், கியரில் வைத்து இறங்கும்போது அந்த எண் உச்சத்தில் போய் நிற்பதை நீங்களே பார்க்கலாம்.

ஒரு நியாயத்தை மறைக்கக் கூடாது. நியூட்ரலில் விட்ட வண்டி, இன்ஜினின் இழுப்பு இல்லாததால் அதிக தூரம் உருளும். மிக மென்மையான, நீண்ட, ஆளில்லாத சரிவில் அது சில துளிகளை மிச்சப்படுத்தவும் கூடும். சென்னையில் அப்படி ஒரு சாலை எங்கே இருக்கிறது? சிவப்பு விளக்கை நோக்கிப் போகும்போது நமக்கு வேண்டியது உருள்வதன்று, தளர்வது. அதைக் கியரில் வைத்தே, எரிபொருள் இல்லாமலே செய்யலாம்.

இறக்கத்தில் இன்ஜினையே அணைத்துவிடும் பழக்கம் உங்களுக்கு இருந்ததா என்று எழுதவில்லை. சில ஓட்டுநர்களிடம் இன்றும் இருக்கிறது. பிரேக்குக்குப் பலம் கூட்டும் பூஸ்டர், ஓடும் இன்ஜினிலிருந்து கிடைக்கும் வெற்றிடத்தால் வேலை செய்வது. அணைத்த பிறகு இரண்டு மூன்று மிதிக்கு மேல் அந்தப் பலம் இருக்காது, பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டியரிங்கும் கனத்துப்போகும். சாவியை முழுவதும் திருப்பி எடுத்துவிட்டால் ஸ்டியரிங்கே பூட்டிக்கொள்ளும். இதற்கு எந்தக் காலத்திலும் நியாயம் இருந்ததில்லை.

வாசகர், பெரம்பூர்

கியரைக் குறைத்து வேகத்தை அடக்கினால் இன்ஜினும் கியர்பாக்ஸும் கெட்டுவிடும் என்கிறார் எங்கள் மெக்கானிக். உண்மையா?

எந்த வேகத்தில் எந்தக் கியருக்குக் குறைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பொதுவான ஐந்து கியர் சிறிய கார் ஒன்றை எடுத்துக்கொண்டால், 50 கிலோமீட்டர் வேகத்தில் மூன்றாவது கியரில் இன்ஜின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,400 சுற்று சுழலும். அதே வேகத்தில் இரண்டாவதுக்கு வந்தால் 3,600. இன்ஜினுக்கு அது சர்வசாதாரணம். தவறி முதல் கியர் விழுந்துவிட்டால் 6,600. ஆர்பிஎம் மீட்டரின் சிவப்புக் கோடு பெரும்பாலும் அதற்கு முன்பே தொடங்கிவிடும். எல்லை மீறினால் கணினி தடுத்துவிடும் என்று நம்ப வேண்டாம்; அதனால் எரிபொருளை நிறுத்தத்தான் முடியும், சக்கரங்கள் இன்ஜினைச் சுழற்றுவதை நிறுத்த முடியாது. வால்வு வளைவதும் பிஸ்டனில் மோதுவதும் இப்படித்தான் நேர்கின்றன. உங்கள் மெக்கானிக் பார்த்தது அப்படிப்பட்ட வண்டியாக இருக்கலாம்.

சரியான வேகத்தில் குறைத்தால் தேய்வது கிளட்ச் மட்டுமே, அதையும் பெருமளவு தவிர்க்கலாம். 2,400-இல் சுழன்ற இன்ஜின் 3,600-க்கு உயர வேண்டும் என்பதைக் கவனியுங்கள். கிளட்ச்சை விடும்போது அந்த 1,200 சுற்றை யார் கூட்டுவது? நீங்கள் கூட்டாவிட்டால் கிளட்ச் உராய்ந்து கூட்டும், வண்டியும் முன்பக்கம் குனிந்து உதறும். கிளட்ச் உள்ளே இருக்கும்போதே வலது காலால் ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டி, இன்ஜின் சத்தம் உயரும் அந்தக் கணத்தில் கிளட்ச்சை விட்டால், கியர் மாறியதே பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. பத்து நாள் பழகினால் காதே அளவைச் சொல்லிவிடும். பிரேக்கை முன்பாதத்தால் மிதித்தபடியே ஆக்ஸிலரேட்டரைத் தட்டும் பந்தய வித்தை நமக்கு வேண்டியதில்லை. ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஓட்டுபவர்களுக்கு அது வேண்டும்.

கியர்பாக்ஸைப் பொறுத்தவரை, உள்ளிருக்கும் சிங்க்ரோமெஷ் வளையங்கள் இரண்டு பற்சக்கரங்களின் வேகத்தைச் சமப்படுத்திய பிறகே கியரை விழவிடும். கியர் தயங்கினால் அழுத்தித் திணிக்காதீர்கள். உங்கள் வேகம் அந்தக் கியருக்கு அதிகம் என்று அது சொல்கிறது. பழைய அம்பாசிடரில் முதல் கியருக்கு இந்த வசதி கிடையாது. ஓடும்போது அதை விழவைக்கக் கிளட்ச்சை இரண்டு முறை மிதிக்கும் 'டபுள் கிளட்ச்' தெரிந்திருக்க வேண்டும். அந்தத் தலைமுறை ஓட்டுநர்களின் கியர் மாற்றம் இன்றும் தனியாகத் தெரிவதற்குக் காரணம் அதுதான்.

வாசகர், தாம்பரம்

நீங்கள் சொல்வதுபோல இரண்டாவது கியரிலேயே ஏற்காட்டிலிருந்து இறங்கினேன். அடிவாரத்தில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தியதும் பின்னால் குப்பென்று நீலப் புகை வந்து, சில நொடிகளில் நின்றுவிட்டது. பன்னிரண்டு வயதான பெட்ரோல் கார். இன்ஜின் பிரேக்கிங் செய்ததால் வந்த கோளாறா?

கோளாறு முன்பே இருந்தது, இறக்கம் அதைக் காட்டிக்கொடுத்திருக்கிறது. த்ராட்டில் மூடிய நிலையில் நீண்ட நேரம் இறங்கும்போது, உறிஞ்சும் பாதையில் கடுமையான வெற்றிடம் உண்டாகிறது. வால்வுத் தண்டுகளைச் சுற்றியிருக்கும் சிறிய ரப்பர் சீல்கள் வயதாகி இறுகிப்போயிருந்தால், அந்த வெற்றிடம் மேலிருக்கும் இன்ஜின் ஆயிலைச் சொட்டுச் சொட்டாக உள்ளே இழுத்துச் சேர்த்துவைக்கும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தியதும் அது ஒரே மூச்சில் எரிந்து நீலமாக வெளியே வரும். காலையில் முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போதும் இப்படி ஒரு கொத்துப் புகை வருகிறதா என்று பாருங்கள்; வந்தால் சந்தேகம் உறுதி.

இதற்கு மாறாக, ஏற்றத்தில் இழுக்கும்போதெல்லாம் இடைவிடாமல் புகைத்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கக் கூடும், அது பெரிய செலவு. சீல் மாற்றுவது அதைவிடச் சிறிய வேலை, இன்ஜினை இறக்க வேண்டியதில்லை. சிலிண்டருக்குள் அழுத்தம் சரியாக இருக்கிறதா என்று அளக்கும் கம்ப்ரஷன் சோதனையைச் செய்து பார்க்காமலே 'இன்ஜின் வேலை' என்று ஆரம்பிக்கும் பட்டறையில் வண்டியை விடாதீர்கள். அதுவரை ஆயில் அளவை வாரம் ஒருமுறை பாருங்கள்.

வாசகர், எண்ணூர்

டீசல் கார்களுக்கு இன்ஜின் பிரேக்கிங் அதிகம் என்கிறார்களே? லாரிகள் இறக்கத்தில் 'புஸ்' என்று ஒரு சத்தம் எழுப்புவது இதனாலா?

டீசல் இன்ஜினில் பெட்ரோல் இன்ஜினைப் போல வேகத்தைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் கிடையாது. காற்று தடையில்லாமல் நுழையும், எரிபொருளின் அளவு மட்டுமே மாறும். ஆகவே மூடிய கதவுக்கு எதிராக உறிஞ்சும் இழுப்பு அதற்கு இல்லை. கனமான பாகங்களின் உராய்வும், எரிபொருள் பம்பைச் சுழற்றும் வேலையும்தான் அதைத் தளர்த்துகின்றன. டீசல் கார்களில் தளர்ச்சி நன்றாகத் தெரிகிறது என்றால், அந்த உராய்வு அதிகம் என்பதே காரணம்.

பல டன் சுமையோடு இறங்கும் லாரிக்கு இது போதாது. அதனால் புகை வெளியேறும் குழாயில் ஒரு தட்டு வால்வை வைத்து, இறக்கத்தில் அதை மூடிவிடுகிறார்கள். வெளியேற வழியில்லாத காற்றைத் தள்ளித் தள்ளி இன்ஜின் களைத்துப்போகிறது, வண்டியும் தளர்கிறது. இதுதான் எக்ஸாஸ்ட் பிரேக். அந்த வால்வைப் பெரும்பாலும் காற்றழுத்தமே இயக்குவதால், விடும்போது ஒரு 'புஸ்' கேட்கும். ஆனால் நகருக்குள் நீங்கள் கேட்கும் 'புஸ்' பெரும்பாலும் ஏர் பிரேக்கிலிருந்து காற்று வெளியேறும் சத்தமே.

வாசகி, சோழிங்கநல்லூர்

கியரை மட்டும் குறைத்து வேகத்தைக் குறைத்தபோது, பின்னால் வந்த பைக் இடித்துவிட்டது. தவறு யாருடையது?

இடைவெளி விடாமல் வந்தவருடையது. ஆனால் பிரேக் பெடலைத் தொட்டால்தான் பின்விளக்கு எரியும் என்பதை நீங்களும் நினைவில் வைக்க வேண்டும். பழைய மாமல்லபுரம் சாலையில் பம்பரை ஒட்டியே பைக்குகள் வரும். கியரைக் குறைக்கும் முன் பெடலை லேசாகத் தொட்டு விளக்கை எரியவிடுங்கள், இரண்டு முறை தொட்டாலும் தப்பில்லை.

வாசகர், பள்ளிக்கரணை

மழையில் பிரேக்கைவிடக் கியரைக் குறைப்பதுதான் பாதுகாப்பு என்று படித்தேன். சரியா?

மெதுவாகக் குறைத்தால் சரி. மழையில் பிடிப்பு குறைந்த சாலையில் மூன்றிலிருந்து இரண்டுக்குப் படீரென்று இறங்கிக் கிளட்ச்சை விட்டால், முன்சக்கரங்கள் ஒரு கணம் வழுக்கும். அந்த நேரம் ஸ்டியரிங் சொன்னபடி கேட்காது. பிரேக்கால் சக்கரம் பூட்டிக்கொண்டால் ஏபிஎஸ் விடுவிக்கும், ஆனால் அது பிரேக்கின் அழுத்தத்தைத்தான் தளர்த்தும். இன்ஜினின் இழுப்பைத் தளர்த்தும் வசதி எல்லாக் கார்களிலும் கிடையாது. வழுக்குவதை உணர்ந்தால் கிளட்ச்சை மிதியுங்கள், பிடிப்பு திரும்பிவிடும். கிளட்ச்சை உடனே மிதிக்கச் சொல்லும் அபூர்வமான இடங்களில் இது ஒன்று.

தேங்கிய தண்ணீரில் இறங்கும்போது முதல் கியரிலேயே, ஆக்ஸிலரேட்டரை விடாமல், ஒரே சீராகப் போக வேண்டும். நடுவில் கியர் மாற்றக் கூடாது. வெளியே வந்ததும் காலியான இடத்தில் மெல்ல ஓட்டியபடி பிரேக்கை இரண்டு மூன்று முறை லேசாக அழுத்தி உலர்த்துங்கள். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் இருப்பவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது.

வாசகர், அண்ணா நகர்

என்னுடையது ஏஎம்டி கார், கிளட்ச் பெடலே கிடையாது. மலையில் என்ன செய்வது?

2014-இல் மாருதியின் செலேரியோ காரோடு இங்கே அறிமுகமான இந்த வகையில், உள்ளே இருப்பது சாதாரணக் கியர்பாக்ஸ்தான். கிளட்ச்சையும் கியரையும் ஒரு கருவி இயக்குகிறது. லீவரை 'எம்' பக்கம் தள்ளி, கழித்தல் குறியின் திசையில் தட்டி இரண்டாவது கியருக்கு வந்து இறங்குங்கள். 'டி'-யிலேயே விட்டால், சரிவில் வேகம் கூடக்கூட அது மேல் கியருக்குப் போய்விடலாம். மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் வேறொன்றைக் கவனிக்க வேண்டும்: மலையுச்சி விடுதியில் பேட்டரியை நூறு சதவீதம் நிரப்பிக்கொண்டு இறங்கினால், இறக்கத்தில் கிடைக்கும் மின்சாரத்தைச் சேர்க்க இடமில்லாமல், மோட்டாரின் இழுப்பு குறைந்துவிடும். எண்பது சதவீதத்தோடு கிளம்புவது நல்லது.

வாசகர், பரங்கிமலை

சரிவில் நிறுத்தும்போது எந்தக் கியரில் விட வேண்டும்?

வண்டியின் முகம் மேட்டை நோக்கி இருந்தால் முதல் கியர், பள்ளத்தை நோக்கி இருந்தால் ரிவர்ஸ். இரண்டிலும் ஹேண்ட் பிரேக் உண்டு. முதலில் பிரேக்கை மிதித்தபடி ஹேண்ட் பிரேக்கை இழுத்து, வண்டியின் எடை அதன்மேல் உட்கார்ந்த பிறகு இன்ஜினை அணைத்துக் கியரைப் போடுங்கள். இல்லாவிட்டால் எடை முழுவதும் கியர்ப் பற்களில் தொங்கி, மறுநாள் கியரை எடுக்கவே சிரமப்படுவீர்கள். அண்டைக் கல் வைத்திருந்தால், கிளம்பும்போது அதைச் சாலையிலேயே விட்டுப் போகாமல் ஓரமாகத் தூக்கிப் போடுங்கள். இரவில் அந்த வழியே வரும் இருசக்கர வண்டிக்காரருக்கு அந்தக் கல் தெரியாது.